தகரத்தில் வரைந்த பூட்டு

மெக்சிகோவில் ஒரு மலையடிவாரத்து ஊர். ஆபத்திலிருந்து தப்பியவர்கள் நடந்ததைத் தகரத்தில் படமாக வரையச் சொல்லி, நேர்த்திக்கடனாக மாதா கோயில் சுவரில் மாட்டுவார்கள். ஊர்க்கதை முழுக்க அந்தச் சுவரில்தான் இருந்தது. வரைகிறவள் செனோபியா, பண்ணையார் வீட்டில் துணி துவைக்கிறவள்.

பண்ணையார் எவரார்தோ ஓடை மதகைப் பூட்டிவைத்து, ஊருக்கு நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் தண்ணீர் விட்டுவந்தார். ஒரு நாள் அவளைக் கூப்பிட்டார்.

"தண்ணி கொடுத்து ஊரைக் காப்பாத்தினவன் நான்னு வரை. திருவிழாவுக்குள்ள சுவர்ல இருக்கணும். இல்லன்னா அந்த ஒரு மணி நேரமும் கிடையாது."

"சரிங்க ஐயா" என்றாள்.

திருவிழாவன்று படத்தைத் திறந்தார்கள். நடுவில் பண்ணையார் கம்பீரமாக நின்றார், ஊர் அவரைக் கும்பிட்டது. பின்னால் மதகு. அதில் அவர் தலையளவுக்கு ஒரு பூட்டு.

கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. "பூட்டு எதுக்குடி?" என்று பண்ணையார் சீறினார்.

"ஆபத்தை வரையாம நன்றியை வரையறது வழக்கமில்லைங்க. ஊர் எதுலேர்ந்து தப்பிச்சதுன்னு மாதாவுக்குத் தெரியணுமே."

"அழிச்சுடு."

"நடந்ததை மாத்தி வரையக் கூடாதுங்க ஐயா. நீங்க அங்க மதகுல பூட்டை எடுத்துடுங்க, நான் இங்க அழிச்சிடறேன்."

ஊரே அவர் முகத்தைப் பார்த்தது. அன்றே அவர் மதகின் பூட்டைக் கழற்றினார்.

படம் இன்றும் அங்கேதான் தொங்குகிறது. பூட்டைச் சுரண்டிய இடத்தில் நீலச் சாயம் தண்ணீராக ஓடுகிறது.