ஒத்துவராத ஒன்பது

தணிகைவேலன் எண்ணெய்க் கிணறுகளில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர். ஐம்பத்து மூன்றாவது வயதில் பேராசிரியை மெஹருன்னிசாவிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். ஆசிரியைக்கு மாணவரைவிடப் பன்னிரண்டு வயது குறைவு. மாணவர் 'மேடம்' என்பார். ஆசிரியை 'வேலன் சார்' என்பார்.

அவர்கள் வேலை செய்த மலையின் அடியில், இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில், சூடான பாறை இருந்தது. ஒரு குழாயில் தண்ணீரை அழுத்தி இறக்கினால் பாறையின் விரிசல்கள் திறக்கும். தண்ணீர் அவற்றில் ஓடிக் கொதித்து, இன்னொரு குழாய் வழியே மேலே வரும். அதில் மின்சாரம் எடுக்கலாம். விரிசல் எந்தப் பக்கம் ஓடும் என்று கணினியில் மாடல் செய்து சொல்வது தணிகைவேலனின் பொறுப்பு.

செவ்வாய்க்கிழமை குறைந்த அழுத்தத்தில் சோதித்தார்கள். பாறை நானூற்றுப் பன்னிரண்டு முறை லேசாக அதிர்ந்ததைக் கருவிகள் பதிவு செய்தன. அதில் நானூற்று மூன்று, மாடல் சொன்ன இடத்திலேயே விழுந்தன. வெள்ளிக்கிழமை முழு அழுத்தம். அதைத் தொடங்க, குழாய் இறக்கிய கம்பெனிக்கு அவர் கையெழுத்து வேண்டும்.

வியாழக்கிழமை காலை அவர் கேட்டார்.

"மேடம், ஒரு மாடலை எப்போது நம்பலாம்?"

"மீதி ஒன்பது எங்கே?"

"வடக்குச் சரிவில். கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். லாரி போன அதிர்வாக இருக்கும்."

"அங்கே ரோடு இருக்கிறதா?"

"தெரியவில்லை."

மெஹருன்னிசா ஜீப் சாவியை எடுத்தார்.

"அந்த ஒன்பதும் வந்த நேரத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள்."

ரோடு பாதி மலையிலேயே முடிந்தது. அதன் பிறகு நடந்தார்கள். மேலே நாற்பது வீடுகள். முதல் வீட்டு வெள்ளையம்மா பீன்ஸ் பறித்துக்கொண்டிருந்தார்.

"செவ்வாய்க்கிழமை இங்கே ஏதாவது ஆச்சாம்மா?" என்று மெஹருன்னிசா கேட்டார்.

"கிணறு கலங்கிருச்சும்மா. சாயங்காலம் தொட்டா இளஞ்சூடு. மோட்டார்தான் கெட்டுப்போச்சோன்னு மெக்கானிக்கைக் கூட்டியாந்தேன். அவரு ஒண்ணுமில்லைன்னுட்டாரு."

"கலங்கினப்ப மணி என்ன இருக்கும்?" தணிகைவேலன் கேட்டார்.

"மூணு பத்து பஸ்ஸு கீழே ஹார்ன் அடிச்சுட்டுப் போச்சு. அப்புறம் கொஞ்ச நேரத்துல."

அவர் தாளைப் பார்த்தார். ஒன்பதில் முதல் அதிர்வு மூன்று இருபத்திரண்டுக்கு.

"இந்தத் தண்ணியத்தான் நாப்பது வீடும் குடிக்குது. குடிக்கலாமில்ல?" என்றார் வெள்ளையம்மா.

தணிகைவேலன் மெஹருன்னிசாவைப் பார்த்தார்.

"சோதிச்சுச் சொல்றவரைக்கும் வேண்டாம்மா. குடிக்கிற தண்ணிக்கு நான் வண்டி அனுப்புறேன்," என்றார் தணிகைவேலன்.

அன்று மாலை அவர் வெள்ளிக்கிழமை வேலையை நிறுத்தினார். கம்பெனிக்காரர்கள் சத்தம் போட்டார்கள். காலையிலும் மாலையிலும் தண்ணீர் லாரி, ரோடு முடியும் இடம் வரை மலையேறியது.

மூன்று வாரம் அவர் கணினியை விட்டு எழவில்லை. பிறகு புது மாடலோடு வந்தார். முகம் தெளிந்திருந்தது.

"மேடம், நானூற்றுப் பன்னிரண்டும் ஒத்துவருகின்றன. ஒன்றுகூட மிச்சமில்லை. இப்போது கையெழுத்துப் போடலாமா?"

"புதிதாக எத்தனை விரிசல் சேர்த்தீர்கள்?"

"பதினாறு. அப்போதுதான் ஒன்பதும் பொருந்தின."

மெஹருன்னிசா திரையைப் பொறுமையாகப் பார்த்தார்.

"ஒன்றை நாம் நடந்துபோய்ப் பார்த்தோம். மற்ற பதினைந்தையும் எங்கே பார்த்தீர்கள், வேலன் சார்?"

தணிகைவேலன் பேனாவை மூடினார்.