பச்சை மரச் சுவர்

குன்னூர் எஸ்டேட் துரை, சீமை வீடு போலக் கறுத்த மரச்சட்டமும் நடுவே வெள்ளைச் சுண்ணாம்புமாகப் பங்களாவுக்கு முகப்பு வேண்டுமென்றார். அதுவும் மழைக்கு முன்னே, அன்றன்று வெட்டிய பச்சை மரத்தில்.

போன வருஷம் அவர் சொற்படி தச்சன் அருளப்பன் பச்சை மரத்தில் கட்டிய சமையற்கட்டுச் சுவர் சரிந்துதான் அவன் மனைவி செத்தாள்.

“பச்சை மரம் சுருங்கும், இடுக்குல தண்ணி இறங்கும் துரை,” என்றான் அருளப்பன்.

“மரத்தில் குற்றமில்லை. அன்றைக்கும் உன் கைதான் குற்றம்,” என்றார் துரை, விருந்தாளிகள் முன்னால். “கட்டு, இல்லையென்றால் மலையை விட்டு இறங்கு.”

“சரிங்க. உங்க கட்டில் தலைமாட்டுச் சுவரை முதல்ல கட்டுறேன். மழை முடியுற வரைக்கும் அங்கேயே படுத்துக்குங்க.”

துரையின் முகம் வெளிறியது. விருந்தாளிகள் அவரையே பார்த்தார்கள்.

“காய்ந்த மரமே போடு,” என்று முணுமுணுத்தார்.

முகப்பு எந்த மழைக்கும் அசையவில்லை. அருளப்பன் மட்டும் அதை ஏறிட்டுப் பார்த்ததில்லை. பச்சை மரம் ஆளைக் கொல்லும் என்று, சமையற்கட்டைக் கட்டச் சொன்ன அன்றைக்கே துரைக்குத் தெரிந்திருக்கிறது.