ராஜா பேர் வைத்த கொட்டாங்கச்சி

மலையடிவாரக் காட்டில், ஆற்றங்கரை நாவல் மரம் ஒன்றில் பூவாத்தா என்ற அணில் குடியிருந்தாள். அவள் கை சும்மா இருக்காது. எதையாவது கடித்து, முறுக்கி, முடிச்சுப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

அதே கரையில், பள்ளத்தில் இருந்த வளையில் வெள்ளச்சி என்ற முயல் தன் குட்டிகளோடு இருந்தாள். இருவரும் உயிருக்கு உயிரான தோழிகள். போன ஆடியில் ஆற்றில் திடீரென்று வெள்ளம் வந்து வெள்ளச்சியின் வளையை வாரிக்கொண்டு போய்விட்டது. குட்டிகளை மேட்டில் சேர்ப்பதற்குள் அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

இத்தனைக்கும் ஆற்றின் மேல்பக்கத்துப் பாறையில் இருக்கும் நீர்நாய், வெள்ளம் வருவதை முன்பே பார்த்துவிட்டார். தொண்டை கிழியக் கத்தியும் இருக்கிறார். அவ்வளவு தூரம் யாருக்குக் கேட்கும்?

பூவாத்தாவுக்கு அது ஆறவே இல்லை. தோப்போரம் கிடந்த கொட்டாங்கச்சிகளைப் பொறுக்கி வந்தாள். அவற்றின் கண்ணைக் கொறித்துத் துளை போட்டாள். வாழை நாரைக் கிழித்து, முறுக்கி, நீளமாக நூல் திரித்தாள். ஒரு கொட்டாங்கச்சி நீர்நாயின் பாறையில், இன்னொன்று வெள்ளச்சி புதிதாகத் தோண்டிய வளையில். நடுவே நூலை விறைப்பாக இழுத்துக் கட்டினாள்.

சித்திரை வெயில் சுள்ளென்று அடித்த ஒரு காலையில் சோதித்துப் பார்த்தார்கள்.

"என்ன வெள்ளச்சி, இன்னைக்கு என்ன சாப்பாடு?" என்று நீர்நாய் பாறையில் இருந்தபடியே விசாரித்தார்.

வெள்ளச்சி எகிறிக் குதித்தாள். "அக்கா! அண்ணன் என் காதுக்குள்ளயே உக்காந்து பேசுறாரு!"

செய்தி காடு முழுக்கப் பரவியது. "எனக்கு ஒண்ணு!", "எனக்கும் ஒண்ணு!" என்று மரத்தடியில் கூட்டம் கூடிவிட்டது. முட்டி மோதி முன்னால் வந்த காட்டுப்பன்றி, "அது சரி, இதுக்குப் பேரு என்ன?" என்று கேட்டார்.

பூவாத்தா திருதிருவென்று விழித்தாள். பேரைப் பற்றி அவள் யோசிக்கவே இல்லை.

அவ்வளவுதான். ஆளுக்கு ஒரு பேர் சொல்ல ஆரம்பித்தார்கள். "காகக்குரல்னு வைங்க! இந்தக் காட்டுல என்னைவிட அதிகமா யாரு பேசுறா?" என்றது காகம். "நூல்பேசின்னு வைக்கலாமே" என்றது குரங்கு. ஆமை மெதுவாகத் தலையை நீட்டி, "என்ன அவசரம்? அடுத்த வருஷம் வைப்போம்" என்றது.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு சாமர்த்தியலிங்கம் வந்தார். அவர் ஒரு நரி. பேர் வைப்பதில் தன்னைவிடக் கெட்டிக்காரன் கிடையாது என்பார். வேறு யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

"நூல்பேசியா? கேட்டாலே கொட்டாவி வருது!" என்றார் நரி. "பேருன்னா என்ன தெரியுமா? காதுல விழுந்த உடனே எல்லாரும் எழுந்து நிக்கணும். வாங்கலைன்னா தப்பாயிடுமோன்னு நெனைக்கணும். ராஜா பேரை வைங்க! கம்பீரவர்மர்!"

பாதிக் கூட்டம் சுற்றுமுற்றும் பார்த்தது. கம்பீரவர்மர் அந்தக் காட்டின் சிங்கம்.

"ஒரு கொட்டாங்கச்சிக்கா ராஜா பேரு?" என்று பூவாத்தா தயங்கினாள்.

"யோசிச்சுப் பாரும்மா. ராஜா பேரு இருந்தா எவனாவது வேண்டாம்னு சொல்லுவானா? வீட்டுக்கு வீடு தொங்கும்!"

வீட்டுக்கு வீடு என்ற சொல்லில்தான் பூவாத்தா விழுந்துவிட்டாள். எல்லா வீட்டிலும் இருந்தால் வெள்ளத்தில் யாருமே போக மாட்டார்களே! உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் எட்டிப் பார்த்தது. அதை நாம் குற்றம் சொல்லக் கூடாது. சரி என்று தலையாட்டினாள்.

நரிக்கு வேறு கணக்கு. ராஜாவின் விருந்தில் நல்ல எலும்பு எப்போதும் சிறுத்தைக்கே போய்க்கொண்டிருந்தது. இனி தன் பக்கம் வரும் என்று சப்புக்கொட்டிக்கொண்டே குகைக்கு ஓடினார்.

சிங்கம் வயிறு முட்டத் தின்றுவிட்டுப் படுத்திருந்தது. நரி நீட்டி முழக்கியதை ஒற்றைக் கண்ணைத் திறந்து கேட்டது. "வச்சுக்கோங்க, வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது.

நரி சொன்னது பலித்தது. பேர் வைத்த நாளில் இருந்து பூவாத்தாவுக்கு மூச்சுவிட நேரம் இல்லை. ராஜா படுத்துத் தூங்கும் மணல்திட்டுக்கும் ஒன்று கட்டினாள். யாருக்கு எங்கே கட்டினாலும் நீர்நாயின் பாறைக்கு ஒரு நூல் கட்டாயம் போகும்படி பார்த்துக்கொண்டாள். ஊருக்கெல்லாம் கட்டிக் கொடுத்தவள், தன் பொந்துக்கு ஒன்று கட்டிக்கொள்ளவில்லை. வீட்டில் இருந்தால்தானே பேசுவதற்கு!

வீடுகளில் கம்பீரவர்மருக்கு ஏக மரியாதை. காட்டுப்பன்றி சேற்றைக் கழுவிக்கொண்டுதான் அதைத் தொட்டார். மான்கள் அதற்குப் பூச் சுற்றின. குழந்தைகள் அதன் பக்கத்தில் ஓடினால் முதுகில் அடி விழுந்தது.

ஆனி பிறந்து, மலையில் இருந்து முதல் சாரல் இறங்கியது.

காட்டுப்பன்றி தன் மச்சானோடு பேசக் கொட்டாங்கச்சியை எடுத்தார். சத்தமே இல்லை. தட்டினார். ஆட்டினார். மறுபடியும் காதில் வைத்தார். "சே! உருப்படாத சாமான்!" என்று வாயெடுத்தவரின் வாயைப் பன்றியம்மா பாய்ந்து பொத்தினாள்.

"உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? ராஜா பேரு வச்சது! அது உருப்படாதுன்னா என்ன அர்த்தம்? எவனாவது போய்ச் சொல்லி வச்சான்னா நம்ம குடும்பமே விருந்தாயிடும்!"

காட்டுப்பன்றி கொட்டாங்கச்சியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

எல்லா வீட்டிலும் இதே கதைதான். நனைந்த நார் ஊறி, நூல் தொய்ந்து, பேச்சு பாதி வழியிலேயே நின்றுபோனது. வெயில் அடித்தால் பேசும். சாரல் அடித்தால் ஊமை. இது எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியும் என்பதுதான் யாருக்கும் தெரியாது!

பூவாத்தா வீடு வீடாகப் போய், "எப்படி இருக்கு? ஏதாச்சும் கோளாறு இருந்தா சொல்லுங்க, சரிபண்ணித் தர்றேன்" என்று கேட்டாள். மான்கள், "பிரமாதம்!" என்றன. காட்டுப்பன்றி, "ஆகா, ஓகோ!" என்றார். நீர்நாயும்கூட, நமக்கு எதற்கு வம்பு என்று, "அருமைம்மா" என்று சொல்லிவிட்டு ஆற்றில் முங்கிக்கொண்டார். வெள்ளச்சி மட்டும் தரையைப் பார்த்தபடி, "நல்லா இருக்குக்கா" என்றாள். பூவாத்தாவும் அதை நம்பினாள்.

"பாத்தியா? ஒரு குறை, ஒரு புகார் வந்துச்சா? எல்லாம் பேரோட மகிமை!" என்று நரி மார்தட்டினார்.

ஆடியும் வந்தது. ஒரு மத்தியானம், தூறலோடு தூறலாகப் பூவாத்தா வெள்ளச்சியின் வளைக்குப் போனாள். குட்டிகள் தூங்கிக்கொண்டிருந்தன. "அண்ணன்கிட்ட ரெண்டு வார்த்தை பேசுவோம்" என்று கொட்டாங்கச்சியை எடுத்தாள். "அண்ணே! அண்ணே!" என்று கூப்பிட்டாள். பதிலே இல்லை.

"என்ன புள்ள, சத்தத்தையே காணோம்?"

வெள்ளச்சியின் காது இரண்டும் தொங்கிப்போயின.

"வெள்ளச்சி! எத்தனை நாளா இப்படி?"

வெள்ளச்சி பொலபொலவென்று அழுதுவிட்டாள். "முதல் சாரல்ல இருந்தே இப்படித்தான்க்கா! உனக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவே, ராஜாவுக்குத் தெரிஞ்சா என் பிள்ளைகளை விடுவாரா? அதான் வாயை மூடிக்கிட்டேன்!"

யாருக்காகச் செய்தாளோ, அவளே வாய் திறக்கப் பயந்திருக்கிறாள்! அப்படியானால் இப்போது பாறையில் இருந்து நீர்நாய் கத்தினாலும் இங்கே கேட்காதே!

பாய்ந்து மரத்தில் ஏறினாள். மேல்பக்கம் பார்த்தாள். ஆறு செக்கச்செவேல் என்று வந்துகொண்டிருந்தது. தூரத்துப் பாறையில் நீர்நாய் கொட்டாங்கச்சிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு கத்துவது தெரிந்தது. ஒரு சத்தம்கூட வரவில்லை.

"வெள்ளம்! வெள்ளம்! குட்டிகளைத் தூக்கு!"

ஒரு குட்டியை வெள்ளச்சி கவ்விக்கொள்ள, இன்னொன்றைப் பூவாத்தா தன்னைவிடக் கனமாக இருந்தும் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடினாள். அவள் போட்ட கூச்சலைக் கேட்டுக் காட்டுப்பன்றி ஓடிவந்து மீதிக் குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டார். எல்லாரும் மேட்டில் ஏறவும் வளைக்குள் தண்ணீர் புகவும் சரியாக இருந்தது.

பூவாத்தா குட்டிகளைத் தடவித் தடவிப் பார்த்தாள். எல்லாம் இருந்தன. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

கூச்சல் கேட்டு அதற்குள் காடே மேட்டில் கூடிவிட்டது. அப்போது ஆற்றுக்குள் இருந்து பெரிதாக ஏதோ எழுந்து வந்தது. பிடரி முகத்தில் ஒட்டிக்கொண்டு, உடம்பெல்லாம் சேறு. யார் என்று பார்த்தால் சாட்சாத் கம்பீரவர்மர்! மணல்திட்டில் கொட்டாங்கச்சியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கியவரை வெள்ளம் உருட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

"என் பேரை வச்ச சாமான் என்னையே எழுப்பலையே! இது வேலை செய்யலைன்னு ஏன் யாரும் சொல்லல?" என்று சிங்கம் கர்ஜித்தது.

எல்லாரும் நரியைப் பார்த்தார்கள். நரி காட்டுப்பன்றியின் பின்னால் வாலைச் சுருட்டிக்கொண்டு நின்றார்.

வெள்ளச்சி முன்னால் வந்தாள். அவளுக்கு இனிப் போவதற்கு வளைகூட இல்லை. "உங்க பேரு இருந்ததாலதான் சொல்லலைங்க ராஜா. குறை சொன்னா அது உங்களைச் சொன்ன மாதிரி ஆயிடும்னு பயந்தோம். பூவாத்தா அக்கா வீடு வீடா வந்து கேட்டுச்சு. நாங்கதான் பொய் சொன்னோம்."

சிங்கம் அவளையே உற்றுப் பார்த்தது. இன்றைக்கு இவள் தொலைந்தாள் என்று எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

சிங்கமோ மெல்லத் தலையைக் குனிந்துகொண்டது.

"என்கிட்ட இருந்ததும் ரொம்ப நாளா பேசலை" என்றது சின்னக் குரலில். "என் பேரை வச்ச சாமானை நானே எப்படிக் குறை சொல்றதுன்னு பேசாம இருந்துட்டேன்."

யாருக்குச் சிரிப்பு முதலில் வந்தது என்று தெரியவில்லை. சிங்கமே சிரித்துவிட்டதால் யார் தலையும் உருளவில்லை.

பூவாத்தா அன்றைக்கே ஒரு நூலில் தேன்மெழுகைத் தேய்த்துப் பார்த்தாள். மழை கொட்டியது. நூல் தொய்யவில்லை. நீர்நாய் பேசியது கணீரென்று கேட்டது. ஒரு பொழுதில் முடிகிற வேலை! சொல்லத்தான் ஆள் இல்லாமல் போனது.

"இனிமே இதுக்கு என் பேரு வேண்டாம். நீயே ஒண்ணு வை" என்றது சிங்கம்.

பூவாத்தா இந்த முறை யாரையும் கேட்கவில்லை. "கேக்குதா?" என்று வைத்தாள். வாசலில் யார் வந்து அந்தப் பேரைச் சொன்னாலும், நூலில் சத்தம் கேட்கிறவர் கேக்குது என்பார். கேட்காதவர் பயமில்லாமல் கேக்கல என்பார். அவள் மெழுகோடு ஓடி வருவாள்.

சாமர்த்தியலிங்கத்துக்கும் ராஜா ஒரு வேலை கொடுத்தார். தினமும் விடிந்ததும் வீடு வீடாகப் போய்க் குறை கேட்டு வர வேண்டும். இப்போதெல்லாம் காடு முழுக்க அவரிடம் வாய் ஓயாமல் குறை சொல்கிறது, எலும்பு மட்டும் யாரும் கொடுப்பதில்லை.

குறை சொல்லவே பயப்படும்படி ஒரு பொருளுக்குப் பெரிய பெயரை வைத்தால், அந்தப் பொருளின் குறை ஒருநாளும் தீராது.