ஒன்றுமில்லாதவர் கேட்ட விசா

“அம்மா, பற்றே இல்லாதவனுக்கு விசா கிடையாதாம்!”

மடத்து வாசலில் பையைத் தொப்பென்று போட்டார் வைத்தியலிங்கம். சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்த அலுப்பைவிட அவமானம்தான் அவருக்குப் பெரிதாக இருந்தது.

வயது ஐம்பத்தெட்டு. எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்த மடத்துக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. சமையல் அவர் பொறுப்பு. குருவான ஆவுடையம்மை அவரைவிடப் பத்து வயது சின்னவர். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

தாயில்லாத வைத்தியலிங்கத்தை வளர்த்தது கோமதி அக்காதான். இப்போது மகனோடு அமெரிக்காவில் இருக்கிறாள். அடுத்த மாதம் பெரிய ஆபரேஷன். “அதுக்கு முன்னாடி உன் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கிறேன்டா” என்று போனில் அழுதிருந்தாள், பாவம்.

“தூதரகத்துல என்னதான் கேட்டாங்க?” என்றார் அம்மை.

“சொந்த வீடு இருக்கான்னு கேட்டாங்க. இந்த உடம்பே வாடகை வீடுதான்னேன்.”

“சரி.”

“பெண்டாட்டி பிள்ளைங்க உண்டான்னாங்க. அதெல்லாம் மாயைன்னேன்.”

“ம்.”

“ஊர்ல உங்களுக்காக யாராவது காத்திருப்பாங்களான்னாங்க. எனக்குன்னு யாரும் இல்லை, நானும் யாருக்கும் இல்லைன்னு அழுத்தமா சொன்னேன்.”

அம்மை குனிந்து கீரையைப் பார்த்துக்கொண்டார். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்.

“கோமதி யாருன்னு கேக்கலையா?”

“கேட்டாங்க. துறவுக்கு முன்னாடி அக்காவா இருந்தாங்க, இப்போ எனக்கு யாரும் அக்கா இல்லைன்னேன். அப்போ யாரைப் பார்க்கப் போறீங்கன்னாங்க.”

“நீங்க?”

“சிரிச்சேன். போறது யாரு, வர்றது யாருன்னு கேட்டேன்.”

“அவங்க?”

“அதைத்தான் நாங்களும் கேக்குறோம்னு சொல்லி, பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க.”

அம்மை தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“திரும்பி வர்றதுக்கு எனக்கு ஒரு காரணமும் இல்லையாம், அம்மா. அங்கேயே தங்கிருவேனாம்! பன்னிரண்டு வருஷமா நீங்க சொல்லிக் கொடுத்ததைத்தானே நான் சொன்னேன்?”

அம்மை கீரைத் தட்டைத் தள்ளிவைத்தார்.

“ரொம்ப சந்தோஷம். அப்போ கிளம்புங்க.”

“எங்கே?”

“எங்கேயாவது. இங்கேயும் உங்களுக்குத்தான் ஒண்ணும் இல்லையே. பை வேற தயாரா இருக்கு.”

குரு சொன்னால் சொன்னதுதான். வைத்தியலிங்கம் பையை எடுத்துக்கொண்டு நாலு எட்டு வைத்தார். நின்றார்.

“செவலைப் பசு நாளைக்கோ மறுநாளோ கன்னு போட்டுரும். என்னைத் தவிர யாரையும் கிட்ட விடாது.”

“ம்.”

“ஓதுவாரய்யாவுக்குக் கண்ணு தெரியாது. குளத்துல மூணாவது படி பேந்து கிடக்கு. கையைப் புடிச்சுத்தான் இறக்கணும்.”

“ம்.”

“எலுமிச்சங்காய் ஜாடி வெயில்ல இருக்கு. கிளறலைன்னா பூசணம் பூத்துரும். அப்புறம் அம்மா, அடுப்படியில எனக்கு ஒத்தாசை பண்ற அந்தச் சுப்பையா கையில உப்பை மட்டும் கொடுத்துராதீங்க. வெள்ளிக்கிழமை சாப்பிட வர்றவங்க என்ன பாவம் பண்ணினாங்க!”

அம்மை தினசரிக் காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் எழுதிக்கொண்டே இருந்தார்.

“அந்தக் கோமதி?”

வைத்தியலிங்கம் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

“எனக்குக் காய்ச்சல்னா அவ சாப்பிடவே மாட்டா, அம்மா.”

அதையும் எழுதினார் அம்மை. தாளை நீட்டினார்.

“விசாவுக்கு மறுபடி எழுதிப் போடுங்க. அடுத்த தடவை கேட்டா இதைச் சொல்லுங்க.”

வைத்தியலிங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை படித்தார்.

“என்னம்மா, பாதிகூட எழுதலையே!”