முயலுக்குப் பந்தி

"குட்டி சாப்பிட மாட்டேங்குது, அம்மா" என்றாள் செங்கமலம்.

அழகம்மை கண்ணைத் திறந்தாள். "எந்தக் குட்டி?"

"முயல்குட்டிதான். நேத்து சாயங்காலத்திலிருந்து ஒரு புல்லு உள்ளே இறங்கல. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. கொஞ்சம் திருநீறு கொடுங்க."

அழகம்மை திருநீற்றுத் தட்டின் பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை.

மலையடிவாரத்து அந்த மடத்துக்கு அழகம்மைதான் குரு. செங்கமலத்தைவிட வயதில் சின்னவள். அதனால் சிஷ்யையை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். சிஷ்யை குருவை அம்மா என்பாள். இரண்டு பேருக்கும் அது பழகிப்போயிருந்தது.

முயல்குட்டி வந்தது முந்தின நாள்தான். ஊருக்குள் ஒரு குடும்பம் ஆசையாக வாங்கியது. குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் ஒப்பவில்லை. பசுவையும் சேவலையும் மடத்துக்கு விடுகிற வழக்கப்படி இதையும் ஒரு கூடையில் வைத்து விட்டுவிட்டுப் போனார்கள். இரண்டு உள்ளங்கையில் அடங்கிவிடும் உடம்பு. தாயைப் பிரிந்து வந்த உயிர்.

செங்கமலம் அன்றைக்கே அதை மாட்டு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். சின்னக் குட்டி, கீரையும் காயும் இப்போது வேண்டாம், வயிறு போகும் என்றார் அவர். காய்ந்த புல்லும் தண்ணீரும் எந்நேரமும் முன்னால் கிடக்கட்டும், அது பாட்டுக்குத் தின்னும் என்றார். ஒரு நாள் முழுக்க வாயில் எதுவும் வைக்காவிட்டால் முயல் தாங்காது, உடனே தூக்கி வந்துவிடுங்கள் என்றும் சொன்னார்.

கடைசியில் சொன்னது மட்டும்தான் அவள் காதில் தங்கியது.

"என்ன கொடுத்தீங்க?" என்று கேட்டாள் அழகம்மை.

"புல்லுதான். நல்லாக் காஞ்சது. தூசி தும்பு பொறுக்கிட்டு, மெத்துன்னு இருக்கிறதா எடுத்துத்தான் வச்சேன்."

"எப்படிக் கொடுத்தீங்க?"

செங்கமலத்துக்குச் சற்றுக் கோபம் வந்தது. "பந்தியில எப்படிப் போடுவோமோ, அப்படித்தான்."

மடத்துப் பந்திக்கு ஒரு முறை உண்டு. பரிமாறியவர் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. சாப்பிடுகிறவர் இலையை மடிக்கும்வரை எதிரிலேயே நிற்க வேண்டும். தொட்டுவிட்டு ஒதுக்கியதை எச்சில் என்று அப்போதே எடுத்துவிட்டு, புதிதாக வைக்க வேண்டும்.

முயலுக்கும் அவள் குறை வைக்கவில்லை. புல்லை வைத்துவிட்டுக் கூடைக்கு எதிரே நின்றாள். குட்டி மூக்கை நீட்டி முகர்ந்தது. தின்னப் போகிறதோ என்று குனிந்தாள். அது பின்வாங்கியது. முகர்ந்தது எச்சிலாயிற்றே என்று அந்தப் புல்லை எடுத்து வெளியே போட்டாள். வேறொரு பிடி கொண்டுவந்தாள். வாயருகே நீட்டினாள். சாமி, ராசா என்று கெஞ்சினாள். குட்டி மூலையில் ஒடுங்கி, காதை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

அந்தப் பக்கமாகப் போன மடைப்பள்ளிப் பேச்சியம்மாள், இலை போட்டு ரெண்டு கரண்டி ரசமும் ஊற்றிப் பாருங்களேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். செங்கமலம் அதையும் ஒரு கணம் யோசித்தாள்.

"கூடையைக் கொண்டுவாங்க, அக்கா. புல்லுக் கட்டையும்" என்றாள் அழகம்மை.

கொண்டுவந்தாள்.

அழகம்மை கட்டை அவிழ்த்து, அவ்வளவு புல்லையும் கூடைக்குள் கொட்டினாள். குட்டி இருந்த இடமே தெரியவில்லை.

"ஐயோ அம்மா, மூச்சு முட்டும்."

"நீங்க அந்தச் சுவரைப் பார்த்து உட்காருங்க."

"நான் பார்க்கலைன்னா அதை யாரு பார்க்கிறது?"

"உங்க பிள்ளைக்கும் இப்படித்தான் எதிர்ல நின்னு சோறு போட்டீங்களா?"

"ஆமா. அவனுக்குக் கல்யாணம் ஆகிற வரைக்கும்."

"சாப்பிட்டானா?"

"எங்க? சின்னதுல இருந்தே அவன் ஒல்லி."

அழகம்மை சுவரைக் காட்டினாள். செங்கமலம் முதுகைத் திருப்பி உட்கார்ந்தாள்.

சுவரில் ஓரிடத்தில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. பார்க்கப் பார்க்க, அது குட்டி சுருண்டு கிடப்பது போலவே இருந்தது. அவள் பார்வையை வேறு பக்கம் மாற்றினாள். அங்கே பார்க்க ஒன்றுமில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"அசையுதா, அம்மா?"

மூச்சுச் சத்தமாவது கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டாள்.

"உசிரு இருக்கா? அதை மட்டுமாவது சொல்லுங்க."

டாக்டரிடம் போவதென்றால் இப்போதே கிளம்ப வேண்டும். போகும் வழியிலேயே கையில் விறைத்துப்போனால்? தன் கையால் புல் வாங்கித் தின்னாமல் போய்ச் சேர்ந்தது என்றால், அந்தக் கையால் நாளைக்கு யாருக்கு என்ன பரிமாறுவது?

"நீங்களாவது பார்த்துக்கிட்டு இருக்கீங்களா?"

"இல்ல. கண்ணை மூடியிருக்கேன்."

செங்கமலத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. அறையில் இரண்டு பேர் இருந்தும், குட்டியைப் பார்க்க ஓர் ஆள் இல்லை.

கையைத் தரையில் ஊன்றி எழப் போனாள்.

பின்னால் புல் சரசரத்தது.

அவள் ஊன்றிய கை ஊன்றியபடியே நின்றது.

கறுக்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, கறுக், கறுக்.

கழுத்து தானாகத் திரும்பப் போனது. பிடித்து நிறுத்தினாள். உடனே அடுத்த சந்தேகம் வந்துவிட்டது. மடியில் பொரிகடலை வைத்துக் கொறிக்கிற பழக்கம் அம்மாவுக்கு உண்டு. தன்னைச் சமாதானப்படுத்த அம்மாவே மெல்லுகிறாளோ?

"மெல்லுறது குட்டியா, நீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"திரும்பிப் பாருங்க, அக்கா. பார்த்தா, ரெண்டு பேருமே நிறுத்திடுவோம்."

செங்கமலம் கண்ணை மூடிக்கொண்டாள்.