குண்டு தூக்கின தூசி மெஷின்

ஒரு ஊர்ல, திருப்பூர்னே வெச்சுக்கோ, ஒரு பனியன் கம்பெனியில ரங்கநாயகின்னு ஒருத்தி செக்கிங் வேலை பாத்தா. தெச்சு வர்ற பனியனை உள்பக்கமாத் திருப்பி, ஓட்டை இருக்கா, தையல் விட்டிருக்கான்னு பாக்கற வேலை. ம் கொட்டு கண்ணு. ஆங். அவளுக்கு ஒரே பொண்ணு, பூவிழி. தூசி பட்டாப் போதும், கொர் கொர்னு இளைப்பு வந்துடும். பஞ்சு பறக்கற ஊர்ல தூசிக்கா குறைச்சல்? பிள்ளைக்கு இழுக்கறப்பெல்லாம் ரங்கநாயகி ராத்திரி முழுக்க முதுகைத் தடவிக்கிட்டே உக்காந்திருப்பா.

அப்போ ஒரு ஞாயித்துக்கிழமை, டை கட்டிக்கிட்டு சுதாகர்னு ஒருத்தன் அவ வீட்டுக்கு வந்தான், தூசி உறிஞ்சற மெஷினை விக்க. பேச்சுல தேன் ஒழுகும், வாயை மட்டும் மூடமாட்டான். அக்கம்பக்கத்துச் சனம் வேடிக்கை பாக்கக் கூடிடுச்சு.

மொதல்ல ஒரு இரும்புக் குண்டை வெச்சான். உர்ர்ர்... குழாயில சப்புனு ஒட்டிக்கிச்சு. சனம் வாயைப் பொளந்துச்சு. அப்புறம் பையிலிருந்து ஏதோ வெள்ளை மாவை எடுத்துத் தரையில கொட்டினான். சர்ர்ர்... காணோம். அப்புறம் மெத்தையில ஒரு இழுப்பு இழுத்து, வெள்ளைத் துணியில படிஞ்ச அழுக்கைக் காட்டி, இதுலயாக்கா பாப்பா படுக்குதுன்னான். பாவி, பெத்தவளை எங்க குத்தணும்னு தெரிஞ்சு வெச்சிருக்கான். பணம் எடுக்க ரங்கநாயகி கை பீரோ சாவிக்கே போயிடுச்சு.

அப்போ பூவிழி கேட்டா, "ஏம்மா, நம்ம வீட்ல இரும்புக் குண்டு எங்க கிடக்குது?"

சனம் சிரிச்சுது. ரங்கநாயகி சிரிக்கல. கொண்டு வந்த குப்பையைக் கொண்டு வந்தவனே எடுத்தா அதுல என்ன சமர்த்துன்னு அவளுக்கு அப்பத்தான் உறைச்சுது. கட்டிலுக்கு அடியில ஓட்டுன்னா. குழாய் மூலைக்கே போகல. மிதியடியில ஓட்டுன்னா. நூலும் முடியும் பிரஷ்ஷுல சுத்திக்கிட்டு, கட கட கட், நின்னே போச்சு. தூங்கிட்டியா? ம்... சரி. அப்புறம் மூணாவதா, சிக்கினதை எடுத்துட்டு மறுபடி போடச் சொல்லி, மெஷினைத் திருப்பினா. ஊரே அதோட வாயைப் பாத்துச்சு, செக்கிங்காரி பின்னாடி பாத்தா. காத்து வெளிய வர்ற இடத்துல ஒரு கருப்புப் பனியன் துணியை நனைச்சுப் பிடிச்சா. புஸ்ஸ்ஸ்... அத்தனை மாவும் வெள்ளை வெள்ளையா அதுல படிஞ்சுது. முன்னாடி முழுங்கறதைப் பின்னாடி துப்புது அந்த மகாராசா மெஷின். அதுக்குள்ள பிள்ளைக்குக் கொர் கொர்னு இழுக்க ஆரம்பிச்சிடுச்சு. ரங்கநாயகிக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு.

"புது மெஷினு இல்லீங்களாக்கா, போகப் போகச் சரியாயிடும்"னான்.

அவ பிள்ளையைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு, கதவை அகலத் திறந்துவிட்டா.

"பனியன்ல ஓட்டை இருந்தா, போகப் போகப் பெருசாத்தான் ஆகும் தம்பி. எடுத்துட்டுக் கிளம்பு."

அவனும் போயிட்டான், கதையும் போயிடுச்சு. நீ கண்ணை மூடு, தூக்கம் வரட்டும்.