கரைக்குருவி சொன்ன பொய்

அந்தக் காலத்தில் பறவைகள் பேசினால் மனிதருக்குப் புரியும். தாமிரபரணிக் கரையில் கொம்பையா என்பவன் தூண்டில் போட்டுப் பிழைத்துவந்தான்.

வாடைக்காற்று வீசும் மார்கழிக் காலையில் தூண்டில் போடுவது சிரமம். தக்கை அலையில் ஆடிக்கொண்டே இருக்கும். ஆட்டுவது காற்றா மீனா என்று தெரியாது. அதனால் கொம்பையா ஆற்றுக்குப் போனால், கறுப்பும் வெள்ளையுமான கரைக்குருவி ஒன்று பக்கத்துப் பாறையில் வந்து நிற்கும். தண்ணீருக்குள் நடப்பது அதன் கண்ணுக்குத் தெரியும். அது "காற்று" என்றால் அவன் சும்மா இருப்பான். "மீன்" என்றால் இழுப்பான். அவன் கொண்டுவரும் புழுவில் பாதி அதற்கு.

அந்த வருஷம் ஐப்பசி வெள்ளத்தில் கொம்பையாவின் தம்பி சொரிமுத்துவை ஆறு கொண்டுபோயிற்று. உடல் கிடைக்கவில்லை. அதன்பிறகு கொம்பையா ஆற்றுப்பக்கமே போகவில்லை. மார்கழி பிறந்தபோது வீட்டில் உலை வைக்க ஒன்றுமில்லை. மனைவி மாடத்திக்கு நிறைமாதம். ஒரு விடியலில் தூண்டிலை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

காற்று பலமாக இருந்தது. நாணல் எல்லாம் படுத்துக் கிடந்தது. தக்கை குதித்தது.

"காற்று," என்றது குருவி. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "காற்று."

பிறகு தக்கை நின்றது. சுற்றிலும் அலை ஓடிக்கொண்டிருக்க, அது மட்டும் ஆணி அடித்ததுபோல அசையாமல் நின்றது.

"என்ன, மீனா?" என்றான் கொம்பையா.

குருவி தண்ணீருக்குள் குனிந்தது. தூண்டில் கயிற்றை ஒரு கை பிடித்திருந்ததை அது பார்த்தது. குருவிக்குப் பழக்கமான, பிளந்த பெருவிரல் நகம். சொரிமுத்துவின் கைதான். அந்தக் கையை இன்னொரு கை பிடித்திருந்தது. அதை வேறொன்று. அடி ஆழம்வரை கைகள். ஆறு இதுவரை கொண்டுபோன எல்லாரும் அங்கே இருந்தார்கள்.

கொம்பையாவின் விரலில் கயிறு அதிர்ந்தது. அதற்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"அண்ணே, குளிருதுண்ணே. கையைக் குடு."

கொம்பையா முழங்கால் தண்ணீரில் இறங்கினான்.

"எந்தம்பி கூப்பிடுதான், குருவி. அவன்தானா? நீ சொன்னா நம்புதேன்."

பேசும் பறவைகளுக்கு அந்தக் காலத்தில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. பொய் சொன்னால் பேச்சு போய்விடும். குருவிக்கும் அது தெரியும், கொம்பையாவுக்கும் தெரியும். அவன் இன்னும் ஓர் அடி வைத்தான்.

"காற்று," என்றது.

"குரல் கேட்டுதே."

"காற்றுதான் கொம்பையா. நாணலுக்குள்ள ஊதுது. மாடத்தி தனியா இருக்கா, வீட்டுக்குப் போ."

அவன் நாணலைப் பார்த்தான். பிறகு தூண்டிலைக் கைவிட்டுக் கரையேறித் திரும்பிப் பாராமல் நடந்தான். தூண்டில் கம்பு நீரோட்டத்தை எதிர்த்து மெல்ல நகர்ந்துபோய், நடு ஆற்றில் முழுகியது.

மூன்றாம் நாள் காலை கொம்பையா வந்தான். கையில் தூண்டில் இல்லை. ஒரு சிரட்டையில் புழு இருந்தது.

"பொம்பளப்பிள்ளை பொறந்திருக்கு," என்றான். "உங்கிட்டச் சொல்லத்தான் வந்தேன்."

குருவி வாயைத் திறந்தது. "ச்சிக்" என்ற சத்தம் மட்டும் வந்தது. அதன் வால், அலையில் மிதக்கும் தக்கைபோல மேலும் கீழும் ஆடியது. நிறுத்தப் பார்த்தது, முடியவில்லை.

கொம்பையா சிரட்டையைக் கீழே வைத்தான்.

"அப்ப அன்னைக்கு அது காற்று இல்ல," என்றான் மெதுவாக.

குருவி மறுபடியும் வாயைத் திறந்தது. அதே ச்சிக்தான் வந்தது. கொம்பையா தண்ணீரிலிருந்து எட்டத் தள்ளி மணலில் உட்கார்ந்து, தம்பி பெயரைச் சொல்லி அழுதான். வெயில் ஏறும்வரை குருவியும் அவன் பக்கத்தில் நின்றது.

அன்று தொடங்கியதுதான் அந்த ஆட்டம். கரைக்குருவி என்ற பெயர் போய் வாலாட்டி என்ற பெயர் வந்ததும் அதனால்தான். ஓர் இலைகூட அசையாத காலையிலும், ஆற்றோரம் நிற்கும் அதன் வால் ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கிறது.